அப்பாவின் எம்ஆர்ஐயில் வெள்ளைத் திட்டுகள்: பார்க்கின்சனா, பக்கவாதமா?

ஆத்தங்குடி மகள்:
அப்பாவுக்கு 68 வயது. 35 வருஷமாகத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்தவர். கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கையாலேயே சாயம் ஊற்றுவார். வலது கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் ஆடும், சாயம் ஊற்றும்போது நின்றுவிடும். அதனால் ஒரு வருஷம் நாங்கள் கண்டுகொள்ளவே இல்லை. மதுரையில் பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா மாத்திரை கொடுத்தார்கள். கை நடுக்கம் நன்றாகக் குறைந்தது. ஆனால் இரண்டு மாதமாக நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை முற்றத்தில் விழுந்துவிட்டார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வெள்ளைப் பகுதியில் திட்டுகள், ஃபசேக்காஸ் 2 என்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்கிறார்கள். முதலில் சொன்ன நோயே தப்பா? மூன்று நாளாகத் தூக்கமில்லை.

காரைக்குடி ஸ்கேன் தம்பி:
அக்கா, 12 வருஷமாக எம்ஆர்ஐ எடுக்கிறேன். பயப்படாதீர்கள். பார்க்கின்சனில் நடுமூளையில் சின்னதொரு கருநிறப் பகுதியில் செல்கள் அழிகின்றன. சாதாரண எம்ஆர்ஐயில் அது பெரும்பாலும் தெரியாது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எழுதுகிறார்கள்.

இந்தத் திட்டுகள் வேறு. மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி கொண்டுபோகும் நார்களுக்குக் கொழுப்பு உறை உண்டு, வெள்ளை நிறம் அதனால்தான். வயது, பிரஷர், சர்க்கரை இவற்றால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டால் அந்த நார்கள் பழுதாகும். ஃபசேக்காஸ் என்பது இந்தத் திட்டுகள் எவ்வளவு என்று சொல்லும் அளவு, 0 முதல் 3 வரை போகும். 2 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருக்கின்றன. இது கூடினால் நடையும் நிதானமும் யோசிக்கும் வேகமும் குறையலாம், அதற்கு லெவோடோபா அவ்வளவாகக் கேட்காது. மாத்திரைக்குக் கை கேட்டிருக்கிறது, அதனால் பார்க்கின்சன் என்றது தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கால் ஒட்டிக்கொள்வது பார்க்கின்சனிலேயே வரும்தான். எது எவ்வளவு என்று நரம்பு டாக்டர்தான் நடக்க வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நார் வழியே தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று அளக்கும் டிடிஐ ஸ்கேனும் இருக்கிறது. உறை கெட்டால் நீரோட்டம் திசை தவறும். ஆராய்ச்சிக்கு அருமையான கருவி, ஆனால் ஒரு தனி ஆளுக்கு அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. யாராவது சொன்னார்கள் என்று அதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
என் வீட்டுக்காரருக்கும் இதேதான் தாயி. பிரஷரைப் படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை பார். நின்றால் இறங்குவதும் இந்த நோயில் உண்டு, மாத்திரையும் இறக்கும். அப்புறம் நிலைப்படிக்கு முன்னால் பட்டையாகக் கலர் டேப் ஒட்டு. கோட்டைப் பார்த்தால் கால் தாண்டும்.

ஆத்தங்குடி மகள்:
நேற்று அளந்தோம் ஆச்சி. படுக்கையில் 150, நின்றதும் 122. டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டோம், வியாழன் வரச் சொன்னார். டேப் ஒட்டப் போனால் அப்பா வேண்டாம் என்றார். கூடத்தில் அவர் வார்த்த கல்தானே, ஒரு சிவப்புக் கட்டம், ஒரு பச்சைக் கட்டம். கட்டத்துக்கு ஒரு அடியாக வைத்து நிலைப்படி வரை வந்துவிட்டார். நிலைப்படிக்கு மட்டும் டேப் ஒட்டியிருக்கிறேன்.