240இசட்டில் வி8: பின்பக்கம் தாங்குமா?

கேள்வி: வண்டி 1972 டாட்சன் 240இசட். பழைய 2.4 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 ஏற்றியிருக்கிறேன். இரண்டாம் கியரில் மிதித்தால் பின்னால் 'டங்'. டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இன்னும் கம்பெனி போட்ட ஆர்180 மாடல்தான். அதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. ஆர்200 டிஃபரன்ஷியல் போடுங்கள், உள்ளே இருக்கும் ரிங் கியர் (வளையப் பல்சக்கரம்) 180க்குப் பதில் 200 மி.மீ. பிந்தைய 280இசட்டிலிருந்து எடுக்கலாம். அதன் மஸ்டாஷ் பாரையும் (டிஃபரன்ஷியலின் பின்பக்கத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கேட்டு வாங்கிவிடுங்கள், உங்களுடையது பொருந்தாது. டிஃபரன்ஷியல் கெட்டியானால் அடுத்த அடி ஸ்டப் ஆக்சிலுக்கு (சக்கரத்தைச் சுழற்றும் குட்டை அச்சு). உங்களுடையதில் 25 ஸ்ப்லைன் (அச்சில் வெட்டிய பற்கள்), 280இசட்டில் 27. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பழைய யூ-ஜாயின்ட் ஷாஃப்டை நான் நம்ப மாட்டேன். அதற்குப் பதில் 280இசட்எக்ஸ் டர்போவின் சிவி ஷாஃப்டை (வேறு வகை மூட்டு கொண்டது) அடாப்டர் வைத்து மாட்டலாம்.

இன்னொரு பதில்: செலவு பட்டியல் போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டிஃபரன்ஷியலின் முன்பக்கத்தைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் கிழிந்திருந்தால் டிஃபரன்ஷியல் மூக்கைத் தூக்கி மேலே இடிக்கும். இந்த வண்டிகளின் பழைய வியாதி அது.

கேட்டவர்: பார்த்தேன், ரப்பர் இரண்டு துண்டு! மூக்கு எழும்பாமல் பிடிக்க மேலே இருக்கும் பட்டையும் தொய்ந்துவிட்டது. புது மவுன்ட் இந்த வாரம். ஆர்200 எந்த கியர் விகிதத்தில் தேடுவது?

பதில்: 3.54. ஆறு கியர் பெட்டி என்றால் தாராளம்.