பழைய செஸ்னாவுக்கு முதலில் எஞ்சினா, பேனலா? மூன்று உரிமையாளர்களின் அனுபவம்

ஹூஸ்டன் பக்கம், செஸ்னா 172எம், 1975 மாடல்

சிறிய விமானம் வாங்கிய நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பேனலில் (கருவிப் பலகையில்) எந்தத் திரை போடலாம்?" என்பதுதான். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் கருவியை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் விமானமே சாட்சி.

மூன்று பேர் பங்கு போட்டு வாங்கிய விமானம் இது. எஞ்சின் லைகமிங் ஓ-320-இ2டி, 150 குதிரைத்திறன். வாங்கும்போது ஓவர்ஹாலுக்குப் (எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது) பிறகு 1,700 மணி நேரத்துக்குப் பக்கமாக ஓடியிருந்தது. அடுத்த ஓவர்ஹாலுக்கு லைகமிங் நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000 மணி அல்லது 12 வருடம். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களுக்கு இது சட்டப்படி கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். அதனால் "இன்னும் 300 மணி பாக்கி இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பதும் சரியில்லை, "2,000 ஆகிவிட்டது, கழற்று" என்பதும் சரியில்லை. எஞ்சினின் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதைப் பார்க்க எங்களிடம் இருந்தது ஆயில் பிரஷர், ஆயில் வெப்பம் காட்டும் பழைய முள்கள் மட்டுமே.

ஆகவே முதல் செலவாக ஜேபிஐ நிறுவனத்தின் எஞ்சின் மானிட்டர் ஒன்றைப் பொருத்தினோம். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் சிலிண்டர் தலை வெப்பத்தையும் காட்டும், பதிவும் செய்யும். சில மாதங்களிலேயே மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பக் கோடு மட்டும் நிதானமாக ஏறி இறங்குவதைக் கவனித்தோம். ஒரே உயரம், ஒரே பவர், மற்ற மூன்று கோடுகளும் நேராக இருந்தன. மெக்கானிக் ஸ்பார்க் பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் என்ற சிறு கேமராவை விட்டுப் பார்த்தார். எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் கருகத் தொடங்கியிருந்தது. ஒரு சிலிண்டரை மட்டும் கழற்றி, வால்வை மாற்றினோம். வேலை முடிந்தது. மானிட்டர் இல்லாவிட்டால் வருடாந்திரச் சோதனை வரை தெரிந்திருக்காது. அதற்குள் வானத்திலேயே வால்வு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

எஞ்சின் அதற்குப் பின்னும் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு ஆயில் மாற்றத்தின்போது ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்துகொண்டிருந்தது. லைகமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் இருப்பது கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே. விமானம் பறக்காமல் நின்றால் மேலே இருக்கும் ஆயில் எல்லாம் வடிந்துவிடும், ஈரக்காற்று பட்டு உலோகம் துருப்பிடிக்கும், அடுத்த முறை கிளப்பும்போது அந்தத் துரு சுரண்டும். கான்டினென்டல் எஞ்சினில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொந்தரவு குறைவு. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் விமானத்தைக் கடலோரத்தில் மாதக்கணக்கில் சும்மா நிறுத்தியிருந்தார். அதனால் பழைய விமானம் வாங்குபவர்கள் எத்தனை மணி ஓடியது என்பதைவிட எத்தனை மாதம் நின்றது என்று விசாரியுங்கள்.

ஓவர்ஹால் செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில் மூன்று வழிகள் இருந்தன. அதே 150-ஐ அப்படியே புதுப்பிக்கலாம். பிஸ்டன்களை மாற்றி அழுத்த விகிதத்தை 7-லிருந்து 8.5 ஆக்கி 160 குதிரைத்திறன் எடுக்கலாம். இல்லையென்றால் எஞ்சினையே கொடுத்துவிட்டு ஓ-360 வாங்கி 180-க்குப் போகலாம். பின்னிரண்டுக்கும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) ஏற்ற எஸ்டிசி என்ற அனுமதிச் சான்று வேண்டும், அது மாடலுக்கு மாடல் மாறும். எங்களுக்கு வந்த விலைகளில் ஓவர்ஹால் முப்பதாயிரம் டாலரைத் தாண்டியது, 180-க்கு மாறுவது ஐம்பதாயிரத்தையும் தாண்டியது.

ஒரு பங்குதாரர் 180-தான் வேண்டும் என்று நின்றார். உட்கார்ந்து எடைக் கணக்கு போட்டோம். எங்கள் விமானத்தின் வெற்று எடை சுமார் 1,430 பவுண்டு, அதிகபட்ச எடை 2,300. பயன்படுத்தக்கூடிய முழு எரிபொருள் 38 கேலன், அதாவது 228 பவுண்டு. மிச்சம் ஏறத்தாழ 640, மூன்று பெரியவர்களும் அவர்கள் பைகளும். எஞ்சின் பெரிதானால் மேலேறும் வேகம் கூடும். நாலாவது ஆள் ஏற வேண்டுமென்றால் எடை வரம்பை உயர்த்தும் சான்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும். கடல் மட்டத்திலேயே பறக்கும் எங்களுக்கு 160 போதும் என்று முடிவானது. ஓவர்ஹாலில் எப்படியும் பிஸ்டன் வாங்கத்தான் போகிறோம், கூடுதல் செலவு சான்றுக்கும் புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றுவதற்கும்தான். இழந்தது ஒன்று உண்டு. 7 விகித எஞ்சினுக்கு எத்தனால் கலக்காத சாதாரண கார் பெட்ரோல் போடும் சான்று கிடைக்கும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெட்ரோலே விற்பதில்லை என்பதால் எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

டென்வர், செஸ்னா 172என்

ஹூஸ்டன் நண்பர் சொன்ன கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சென்டெனியல் விமான நிலையம் 5,885 அடியில் இருக்கிறது. ஜூலை மாத மதியம் 32 டிகிரி வெயிலில் காற்று இலேசாகி, ஓடுதளமே 9,000 அடிக்கு மேலே இருப்பதுபோல ஆகிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். 160 குதிரை 117 பக்கம் வந்து நிற்கும். லெட்வில் ஓடுதளமோ தரையிலேயே 9,934 அடி, அங்கே எதுவும் மிஞ்சாது. இங்கே 180 ஆடம்பரம் இல்லை, தேவை.

என்னுடையதில் இருந்தது ஓ-320-எச்2ஏடி, கேம், டேப்பெட் (கேம் தள்ளும் உருளை) தேய்மானத்துக்குப் பேர் வாங்கிய எஞ்சின். ஓவர்ஹால் நேரம் வந்ததும் ஓ-360-க்கு மாறினேன். அதிகபட்ச எடை 2,550 பவுண்டு ஆனது. அதற்கு விலையாக ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் கீழே விரியும் தகடு) 40 டிகிரியிலிருந்து 30 டிகிரியோடு நிறுத்தப்படும். குறுகிய ஓடுதளத்தில் செங்குத்தாக இறக்கிப் பழகியவர்களுக்கு அந்த 10 டிகிரி இழப்பு உறைக்கும், விற்பவர்கள் அதை அழுத்திச் சொல்வதில்லை. பெட்ரோல் மணிக்கு ஒரு கேலனுக்கு மேல் கூடுதலாகக் குடிக்கிறது. ஆனாலும் மலைப்பக்கம் திரும்பும்போது மனைவி இப்போது என் கையைப் பிடித்துக்கொள்வதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

சான் ஹோசே, பைப்பர் ஆர்ச்சர்

ஹூஸ்டன் அண்ணா எஞ்சின் முதலில் என்கிறார். மேகத்துக்குள் அடிக்கடி போகிறவர்கள் பேனலையும் அதே அவசரத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இங்கே கடலோரத்தில் காலை நேரத்தில் தாழ்வான மேகப் படலம் இருக்கும். ஒரு காலை அதற்குள் ஏறிக்கொண்டிருந்தபோது, காற்றை உறிஞ்சி கைரோ கருவிகளைச் சுழற்றும் வாக்யூம் பம்ப் நின்றுவிட்டது. எச்சரிக்கை மணியெல்லாம் கிடையாது. கைரோ சுழற்சி குறையக் குறைய, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. விமானம் திரும்புவதைக் காட்டும், மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோ-ஆர்டினேட்டர் மட்டும் "நீ நேராகத்தான் போகிறாய்" என்று காட்டியது. அதை நம்பி, சாய்ந்த கருவியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு மேலே வெளியே வந்தேன். அந்தப் பம்புக்குள் இருப்பவை கார்பன் தகடுகள். உடையும் முன் சொல்லிக்கொள்ளாது.

மறுவாரமே வாக்யூம் முழுவதையும் எடுத்துவிட்டு கார்மின் ஜி5 என்ற மின்னணுக் கருவி இரண்டு போட முடிவெடுத்தேன். அதிலேயே நான்கு மணி நேரம் வரை தாங்கும் பேட்டரி இருக்கிறது. அங்கேதான் செலவு சங்கிலியாக இழுத்தது. பழைய ஆட்டோபைலட் தனக்கு வேண்டிய தகவலை எடுத்ததே அந்த வாக்யூம் கைரோவிலிருந்துதான். கைரோ போனால் ஆட்டோபைலட்டும் போகும். ஆகவே ஜி5-ஓடு பேசும் ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட்டும் சேர்ந்தது. விலைப்பட்டியல் வாங்கும்போதே "இதைக் கழற்றினால் வேறு எது வேலை செய்யாது?" என்று ஷாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ்ஸில் அவசரப்படவில்லை. பழைய கார்மின் 430டபிள்யூ இன்றும் செயற்கைக்கோள் உதவியோடு பல இடங்களில் தரையிலிருந்து 200, 250 அடி வரை இறக்கிக் கொண்டுவருகிறது. அது கெட்டால் அவிடைன் நிறுவனத்தின் ஐஎஃப்டி440-ஐ அதே தட்டில் அதே வயரிங்கோடு செருகிக்கொள்ளலாம். கார்மினின் புதிய ஜிடிஎன் கருவிக்குப் போனால் வயரிங் வேலை கூடும்.

எஞ்சின் மாற்றுகிறவர்களுக்கு எங்கள் ஊர் அனுபவம் ஒன்று. ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் 2022 ஜனவரி முதல் ஈயம் கலந்த 100 ஆக்டேன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். என் எஞ்சின் 8.5 விகிதம் என்பதால், சான்று வாங்கி 94 ஆக்டேன் ஈயமில்லாத பெட்ரோலில் பறக்கிறேன். 200 குதிரைத்திறன் ஐஓ-360 வைத்திருக்கும் பக்கத்து ஹேங்கர்காரருக்கு அது ஒத்துவராது. குதிரைத்திறனைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் விமான நிலையத்தில் என்ன பெட்ரோல் நிலைக்கும் என்றும் விசாரியுங்கள்.

ஷாப்பில் ஆறு வாரம் என்றார்கள், நான்கு மாதம் ஆனது. பேனல் திறந்தபடி விமானம் அப்படியே நின்றது. அண்ணா சொன்ன கேம் கதையைப் படித்ததிலிருந்து அந்த நான்கு மாதம்தான் மனதில் ஓடுகிறது.

ஹூஸ்டன், மறுபடியும்

தம்பி, பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த இரண்டு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள், ஆயில் மாதிரியைப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். பேனல் வேலைக்கு விமானத்தை விடப்போகிறவர்கள் முதல் நாளே எஞ்சினில் துருத்தடுப்பு ஆயில் ஊற்றி ஒருமுறை பறந்துவிட்டுக் கொடுங்கள். ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைப் போட்டு, எக்ஸாஸ்ட் வாயையும், எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் அடைக்கச் சொல்லுங்கள். ஆயிலை ஊற்றிவிட்டு, பறக்காமல் தரையிலேயே எஞ்சினைச் சும்மா ஓட்டி வைக்கும் பழக்கம் சில ஷாப்களில் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் முழுச்சூடு ஏறாமல் ஓடினால் உள்ளே ஈரம்தான் சேரும். வேலை முடிந்து வரும்போது புதிய எடைச் சமநிலைத் தாளும் பெரிய மாற்றங்களைப் பதியும் எஃப்ஏஏ படிவம் 337-ம் கையில் இல்லாமல் விமானத்தை எடுக்காதீர்கள். வாக்யூமை எடுத்ததில் எத்தனை பவுண்டு குறைந்தது என்பது அந்தத் தாளில்தான் இருக்கும், அதைக் கொஞ்சம் எழுதுங்கள். எங்கள் விமானத்தின் 640 பவுண்டு மிச்சத்தை 660 ஆக்க முடியுமா என்று பார்க்கிறோம்.