ரொறன்ரோ: 8 மாடித் திட்டத்துக்கு நகரசபை முடிவில்லை, மேல்முறையீடு எப்போது?

கேள்வி: 8 மாடிக் குடியிருப்புக்கு வலயச் சட்டத் திருத்தமும் (காணியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதியை மாற்றுவது) அதிகாரபூர்வத் திட்டத் திருத்தமும் (நகரின் நீண்டகாலத் திட்டத்தை மாற்றுவது) ஒன்றாகக் கேட்டிருக்கிறோம். 95 நாளாகியும் சபை வாய் திறக்கவில்லை. இப்போதே திட்டமிடல் மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில் 1: கொஞ்சம் பொறுங்கோ. சபை முடிவெடுக்க, வலயத் திருத்தம் தனியாக என்றால்தான் 90 நாள். இரண்டும் சேர்ந்தால் 120. அதைவிட முக்கியம் தொடக்க நாள்: கட்டணமும் கேட்ட ஆவணம் அத்தனையும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். போக்குவரத்து ஆய்வு ஒன்று விடுபட்டிருந்தாலே கணக்கு ஓடாது. ‘விண்ணப்பம் முழுமையானது’ என்ற நகரசபைக் கடிதத்தைக் கையில் எடுத்து, அதிலுள்ள திகதியைப் பாருங்கோ.

பதில் 2: அந்தத் திகதியிலிருந்து 120 நாள் கடந்துவிட்டதென்றால், மேல்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்பாயக் கட்டணத்தோடு நகர எழுத்தருக்கு (நகரசபையின் City Clerk) கொடுக்க வேண்டும். கோப்பைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. பலர் சறுக்குவது காரணம் எழுதும் இடத்தில். ‘தாமதம்’ என்பது கதவைத் திறக்கும், வழக்கை வெல்லாது. தீர்ப்பாயம் பார்ப்பது கட்டடம் அந்த இடத்துக்குப் பொருந்துமா என்பதைத்தான். 2024 மாகாணத் திட்டமிடல் அறிக்கை (நிலப் பயன்பாட்டுக்கு மாகாணம் வகுத்த கொள்கை), நிழல் ஆய்வு, கழிவுநீர்க் கொள்ளளவு, இவற்றை வைத்து எழுதுங்கோ.

பதில் 3: மேல்முறையீடு போட்டபின்னும் நகரசபையோடு பேசலாம். மேல்மாடிகளைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளி அமைத்து இணக்கத்துக்கு வந்தால் விசாரணை நாட்கள் மிச்சம்.