கும்பியா ரெபஹாடா: வேகம் குறைத்தால் ஒலி பிசுபிசுக்கிறது, ஏன்?

மெதுநடை: 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) கொலம்பிய கும்பியா நடனப் பாட்டை ஏபிள்டன் இசை மென்பொருளில் காம்ப்ளெக்ஸ் வார்ப் (வேகம் மாற்றும் ஒரு முறை) போட்டு 80க்கு இறக்கினேன். குவாச்சராக்கா என்ற சுரண்டு வாத்தியத்தின் சுரண்டல் குழைந்துபோகிறது. ரெபஹாடா, அதாவது கும்பியாவை மெதுவாக ஓட்டும் மெக்சிகோவின் மான்டெர்ரே சவுண்ட், வரவே இல்லை.

டேப்தலை: வராது ப்ரோ. காம்ப்ளெக்ஸ் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் இழுக்கும். முதலில் அடிவாங்குவது சுரண்டல் மாதிரி கூர்மையான ஒலிகள்தான். ரெபஹாடாவில் டேப்பே மெதுவாக ஓடும், குரலும் அக்கார்டியனும் சேர்ந்து இறங்கும். வார்ப்பை அணைத்துவிட்டு ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) -4 செமிடோன் வையுங்கள். வேகம் 79.4 ஆகும். அந்தக் கனத்த குரல்தான் ரெபஹாடாவே!

மெதுநடை: சரியாக வந்தது. ஆனால் மேலே போட்ட கிக் (பேஸ் டிரம் அடி) இரண்டு நிமிடத்தில் பாட்டின் தாளத்தை விட்டு விலகுகிறது.

கீழ்ஸ்தாயி: பழைய ரெக்கார்டில் கிளிக் ட்ராக் (வேகம் மாறாமல் வாசிக்கக் காதில் ஒலிக்கும் தாளம்) ஏது? வாசித்தவர்கள் கையோடு வேகமும் அசையும். ரீ-பிட்ச்சில் (வேகத்தோடு சுருதியும் மாறும் வார்ப் முறை) பீட்டுக்கு ஒரு மார்க்கர் (வேகத்தைச் சரிசெய்யும் புள்ளி) குத்தினால் சுருதி ஆடும். 4 பார் (தாளச் சுற்று) துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முதல் அடியை மட்டும் கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கோட்டில்) உட்கார வையுங்கள். ஒட்டுமிடத்தில் 5 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலியைச் சட்டென வெட்டாமல் மங்கவிடுவது). இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் பேஸ் இப்போது 48க்கு வந்திருக்கும், கிக்கோடு முட்டும். ஏதாவது ஒன்றுக்கு அந்த இடத்தை விடுங்கள்.