பழைய சிப்ஸ் சேலஞ்ச் லெவல்கள் புதிய எஞ்சினில் உடைகின்றன: விதிகளில் கோளாறா, கோப்பிலா?

கிளமெண்டி_கட்டம்:

வணக்கம். சிப்ஸ் சேலஞ்ச் (சிப் என்பவரை நகர்த்திச் சில்லுகளைச் சேகரிக்கும் கட்டப் புதிர்) விளையாட்டுக்கு உலாவியில் ஓடும் எஞ்சின் (விதிகளை இயக்கும் நிரல்) ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியிருக்கிறோம். ஜூன் பள்ளி விடுமுறையில் சமூக மன்றத்தில் உயர்நிலை மாணவர்கள் விளையாட வேண்டும். அவர்களுடைய கற்றல் சாதனங்களில் வெளி மென்பொருள் நிறுவுவது கடினம், அதனால்தான் உலாவி.

லெவல்கள் புதியவை அல்ல. தமிழ்க் குறிப்புகளோடு பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட 60 லெவல் கொண்ட தொகுப்பு, ஒரே டாட் கோப்பு (லெவல்களைச் சேமிக்கும் .dat கோப்பு). இதே விளையாட்டை ஓட்டும் டைல் வேர்ல்ட் என்ற மென்பொருளில் 60-ம் திறக்கின்றன, ஆடவும் முடிகிறது. எங்கள் எஞ்சினில் இப்படி:

14 லெவல்கள் "செல்லாத கட்டம்" என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. திறப்பவற்றில் சில இடங்களில் பழுப்புப் பொத்தானை மிதித்தால் வேறொரு ட்ராப் (பிடித்து வைக்கும் கட்டம்) விடுபடுகிறது. 9 லெவல்களில் பூதங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தமிழ்க் குறிப்பு எல்லாமே கட்டம் கட்டமாக, புரியாத குறிகளாக வருகிறது. டைல் வேர்ல்டில் ஆடிய அசைவுகளைப் பதிவு செய்த தீர்வுக் கோப்பை ஓட்டிப் பார்த்தால் 60-ல் 22 மட்டுமே கடைசிவரை போகிறது.

எங்கிருந்து தொடங்குவது? எஞ்சினைத் திருத்துவதா, லெவல்களைத் திருத்துவதா?

ஈசூன்_பிட்:

லெவல்களைத் தொடாதீர்கள். முதலில் நான்கு விவரம் வேண்டும்.

டாட் கோப்பின் முதல் நான்கு பைட் என்ன (பதின்ம எண்ணில்)? தீர்வுக் கோப்பின் ஐந்தாவது பைட் என்ன? பூதம் நகராத அந்த 9 லெவல்களும் உங்கள் கருவி எதிலாவது ஒருமுறை சேமிக்கப்பட்டவையா? டிக் (விளையாட்டின் ஒரு நேரத் துடிப்பு) எப்படி ஓடுகிறது, திரையின் வேகத்தோடா, தனியாகவா?

கிளமெண்டி_கட்டம்:

டாட் கோப்பு: 172, 170, 2, 0. தீர்வுக் கோப்பின் ஐந்தாவது பைட்: 2.

ஆம், குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்னக் கருவி எழுதி, 60 லெவலையும் அதில் போட்டுச் சேமித்தோம். மாற்றுவதற்கு முந்தைய மூலக் கோப்பு இருக்கிறது. டைல் வேர்ல்டில் ஓடுவது அந்த மூலம்தான், எங்கள் எஞ்சின் படிப்பது மாற்றிய கோப்பு.

டிக் திரையின் ஒவ்வொரு பிரேமிலும் கூடுகிறது, நேர இடைவெளியால் பெருக்கி.

ஈசூன்_பிட்:

அப்படியானால் ஒரே நோய் இல்லை, தனித்தனியாக நான்கு. வரிசையாகப் போவோம்.

முதலாவது, விதித்தொகுப்பு. இந்த விளையாட்டு 1989-இல் அட்டாரி லிங்க்ஸ் கையடக்கக் கருவிக்கு வந்தது. 1992-இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் பதிப்பு. இரண்டும் பார்க்க ஒன்று போலிருந்தாலும் உள்ளே விதிகள் வேறு. ரசிகர்கள் செய்த லெவல்களில் பெரும்பகுதி விண்டோஸ் பதிப்பை நம்பிச் செய்யப்பட்டவை. உங்கள் கோப்பின் தலைப்பு (முதல் நான்கு பைட்) 172, 170, 2, 0 என்றால் எம்எஸ் (மைக்ரோசாப்ட் விண்டோஸ்) விதி. நான்காவது பைட் 1 ஆக இருந்தால் லிங்க்ஸ். தீர்வுக் கோப்பின் ஐந்தாவது பைட்டும் அதையேதான் சொல்கிறது: 1 லிங்க்ஸ், 2 எம்எஸ். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எஞ்சின் தலைப்பைப் படிக்காமல் லிங்க்ஸ் விதியில் ஓட்டுகிறது.

ஏன் 14 மட்டும் மறுக்கின்றன? ஒவ்வொரு லெவலிலும் 32-க்கு 32 கட்டங்கள், அதாவது 1,024. அது இரண்டு அடுக்கு: மேல், கீழ். எம்எஸ் விதியில் பனித்தரையின் மேல் சாவி, மண்ணின் மேல் சில்லு என்று எதையும் எதன் மேலும் வைக்கலாம். எடுத்தபின் கீழே உள்ளது வெளிப்படும். லிங்க்ஸ் விதியில் நகரும் பொருளுக்கு அடியில் மட்டுமே கீழடுக்கு இருக்கலாம். சாவிக்கு அடியில் பனி இருந்தால் அது செல்லாத கட்டம்தான். அந்த 14-ஐத் திறந்து பாருங்கள், இந்த மாதிரி அடுக்கல் கண்டிப்பாக இருக்கும்.

ட்ராப் மாறி விடுபடுவதும் இதே காரணம். லிங்க்ஸ் மூலத்தில் இணைப்புப் பட்டியல் கிடையாது. பொத்தானுக்குப் பிறகு, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் படித்துக்கொண்டே போனால் எது முதல் ட்ராப்போ அதுதான் இணை. வரைபடத்தின் கடைசி வந்துவிட்டால் மேலிருந்து சுற்றி வர வேண்டும். எம்எஸ்-இல் 4-ஆம் புலத்தில் (லெவல் விவரங்கள் எண்ணிட்ட பகுதிகளாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு புலம்) வெளிப்படையான பட்டியல் இருக்கிறது, ஒரு இணைப்புக்கு 10 பைட்: பொத்தானின் குறுக்கு, நெடுக்கு இடம், ட்ராப்பின் குறுக்கு, நெடுக்கு இடம், கடைசியில் ஒரு பூஜ்யம், இந்த ஐந்தும் 2 பைட் வீதம். குளோன் மெஷினுக்கு (பூதங்களைப் பிரதியெடுத்து வெளிவிடும் கட்டம்) 5-ஆம் புலம், இணைப்புக்கு 8 பைட். இவற்றைப் படித்துப் பயன்படுத்துங்கள்.

விதியை எஞ்சின் முழுமைக்கும் ஒரு பொத்தானாக வைக்காதீர்கள். தொகுப்போடு சேர்ந்து போகட்டும். டைல் வேர்ல்ட் இதைச் சரியாகவே செய்கிறது: டாட் கோப்புக்குத் துணையாகச் சின்ன உரைக்கோப்பு ஒன்று, அதில் எந்தக் கோப்பு, எந்த விதி என்று இரண்டு வரி. அதே முறையை எடுத்துக்கொண்டு மூன்றாவதாக உங்கள் விதியின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். பின்னாளில் விதியில் ஏதாவது திருத்தினால் பதிப்பு 2 என்று புதிதாகச் சேர்க்க வேண்டும், 1-ஐ அப்படியே விட வேண்டும். பிழை என்று நமக்குத் தோன்றுவதை நம்பித்தான் யாரோ ஒரு புதிரை முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

தேக்கா_பைட்:

பூதம் நகராததற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் தமிழ்க் குறிப்பும் ஒரே கோளாறு.

எம்எஸ் விதியில் 10-ஆம் புலம்தான் பூதங்களின் பட்டியல், ஒன்றுக்கு 2 பைட், குறுக்கு இடமும் நெடுக்கு இடமும். வரைபடத்தில் பூதம் இருந்தும் இந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது நகராது. (குளோன் மெஷினிலிருந்து வருபவை வேறு.) ஆக 9 லெவல்களிலும் 10-ஆம் புலம் காணாமல் போயிருக்கிறது. யார் அழித்தது? உங்கள் மாற்றுக் கருவிதான்.

ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் இரண்டு பைட்: புல எண், நீளம். நீளம் ஒரே பைட், 255-க்கு மேல் போகாது. குறிப்பு 7-ஆம் புலம். பழைய குறிப்புகள் அநேகமாக திஸ்கியில் (யூனிகோடு பரவுமுன் இருந்த தமிழ்க் குறியீட்டு முறை) இருக்கும். அதில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட், க் என்பதற்கும் து என்பதற்கும் ஒவ்வொன்றே. யூடிஎஃப்-8-இல் (யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனியாக 3. "பொத்தானை அழுத்து" என்று எழுதிப் பாருங்கள்: திஸ்கியில் 13 பைட், யூடிஎஃப்-8-இல் 46.

இதே விகிதத்தில் 80 பைட் குறிப்பு ஒன்று 283 பைட் ஆகிறது என்று வையுங்கள். நீளப் பைட்டில் அது 283 கழித்தல் 256, அதாவது 27 என்று விழும். படிக்கும்போது எஞ்சின் 27 பைட்டோடு குறிப்பு முடிந்தது என்று நினைத்து, மிச்சத் தமிழை அடுத்த புலமாக எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து பெரும்பாலும் 224, 174 என்ற பைட்டுகளில் தொடங்கும். 224 என்று புலம் எதுவும் இல்லை, அதன் நீளம் 174 என்று எஞ்சின் தாண்டிப் போகும். 10-ஆம் புலம் அந்தத் தாண்டலில் தொலையும். நீண்ட குறிப்பு உள்ள லெவல்கள்தான் அந்த 9, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய கோப்பை விட்டுவிட்டு மூலக் கோப்புக்கே திரும்புங்கள். அதை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். தமிழை டாட் கோப்புக்குள் திணிக்க முயலவும் வேண்டாம்: பழைய பதிப்பில் குறிப்புக்கு இடம் 127 பைட், யூடிஎஃப்-8-இல் அது 42 குறியீடு, ஒரு நல்ல வாக்கியத்துக்கே போதாது. பக்கத்தில் யூடிஎஃப்-8 உரைக்கோப்பு வைத்து, லெவல் எண், தலைப்பு, குறிப்பு என்று எழுதுங்கள். எஞ்சின் முதலில் அதைப் பார்க்கட்டும், இல்லையென்றால் டாட் கோப்பில் உள்ளதைக் காட்டட்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது வரிசை. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். கொ என்பது 166, 184, 161: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி ஒன்றே (2965, 3018). வெறுமனே பைட்டுக்குப் பைட் மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். 166, 167, 168 (எ, ஏ, ஐ குறிகள்) வந்தால் அடுத்த மெய்யை எடுக்கும்வரை கையில் வைத்திருந்து, அதற்கும் அடுத்தது 161 என்றால் ஒ அல்லது ஓ-வாகவும், 166-க்குப் பின் 170 என்றால் ஔ-வாகவும் சேர்க்க வேண்டும். உலாவியின் டெக்ஸ்ட் டீகோடருக்கு திஸ்கி தெரியாது. லினக்ஸில் ஐகான்வ் கட்டளைக்குத் தெரியும், வரிசையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தானில் ஓப்பன் தமிழ் நூலகத்திலும் இருக்கிறது. 60 குறிப்புக்கு ஒருமுறை ஓட்டினால் போதும், எஞ்சினுக்குள் மாற்றி வைக்கத் தேவையே இல்லை.

1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு பேசித் தீர்த்த குறியீட்டு முறை இது. அந்தக் காலத்துக் கோப்புகளில் இன்னும் நிறைய தமிழ் இப்படித் தூங்கிக்கிடக்கிறது. குப்பை என்று அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங்_பனி:

ஒரு யோசனை. 60 லெவல்தானே. எல்லாவற்றையும் லிங்க்ஸ் விதிக்குச் சரிவர வரைபடத்தையே மாற்றிவிட்டால் என்ன? சாவிக்கு அடியில் உள்ள பனியை எடுத்துவிடலாம்.

ஈசூன்_பிட்:

வேண்டாம்ங்க. சாவியை எடுத்ததும் கீழே பனி வெளிப்படுவதுதான் அந்தப் புதிரின் பொருளாக இருக்கலாம். திரும்பி வர வழி இல்லாமல் வழுக்க வைப்பதற்காகவே அப்படி வைப்பார்கள். பனியை எடுத்தால் லெவல் திறக்கும், புதிர் செத்துவிடும். தீர்வுக் கோப்புகளும் பயனற்றுப் போகும். அவை லெவல் எண்ணையும் நான்கெழுத்துக் கடவுச்சொல்லையும் வைத்துத்தான் லெவலை அடையாளம் காண்கின்றன. ஆகவே கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள். (கடவுச்சொல் 6-ஆம் புலத்தில், ஒவ்வொரு பைட்டும் 153-உடன் எக்ஸார் செய்யப்பட்டிருக்கும்.)

கிளமெண்டி_கட்டம்:

செய்தோம். மூலக் கோப்பு, எம்எஸ் விதி, தனி உரைக்கோப்பு. 60-ம் திறக்கின்றன. அந்த 9 லெவல்களிலும் குறிப்பு 75 பைட்டுக்கு மேல், தேக்கா அண்ணன் சொன்னது சரி. பூதங்கள் நகர்கின்றன. குறிப்பு தமிழில் வருகிறது.

தீர்வு இப்போது 60-ல் 41 போகிறது. மிச்சம் 19-ல் பாதி இடத்திலேயே சிப் செத்துவிடுகிறார். ஒன்று கவனித்தோம்: 144 ஹெர்ட்ஸ் திரை உள்ள மடிக்கணினியில் 41, பள்ளிச் சாதனத்தில் 46. ஒரே கோப்பு, ஒரே எஞ்சின்!

ஈசூன்_பிட்:

திரைக்குத் திரை எண்ணிக்கை மாறுகிறது என்றால் டிக் கோளாறு. டைல் வேர்ல்ட் விநாடிக்கு 20 டிக், ஒரு டிக் 50 மில்லிவிநாடி. சிப் ஒரு கட்டம் நகர 4 டிக். 60 ஹெர்ட்ஸில் 3 பிரேமுக்கு ஒரு டிக் என்று முழு எண்ணாக வரும். 144-இல் 7.2 பிரேம், அங்கே உங்கள் பின்னக் கணக்கு தடம் புரள்கிறது. கடந்த நேரத்தைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சேர்ந்தது 50-ஐத் தாண்டினால் ஒரு முழு டிக் ஓட்டி 50-ஐக் கழியுங்கள். விளையாட்டு விதிக்குள் பின்னம் நுழையவே கூடாது, திரையில் பொம்மை வழுக்குவதற்கு மட்டும் மிச்ச நேரத்தைப் பயன்படுத்துங்கள். தீர்வுகளைச் சோதிக்கும்போது திரையே வேண்டாம், டிக்கை மட்டும் சுழற்றி ஓட்டுங்கள்.

அடுத்து டீத், பிளாப் என்ற பூதங்கள் இரண்டும் பாதி வேகம், ஒன்று விட்டு ஒரு முறை நகரும். எந்த முறையில் தொடங்குகிறது என்பது தீர்வுக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்கிறீர்களா? லெவல் தலைப்பு காட்டும் நேரத்தில் டிக் ஓடிக்கொண்டிருந்தால் ஒற்றைப்படை, இரட்டைப்படை மாறிப்போகும். ஆட்டம் தொடங்கும்வரை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கட்டும்.

பிறகும் தற்செயலாகத் திசை மாறும் பிளாப், வாக்கர் பூதங்கள், தற்செயல் ஃபோர்ஸ் ஃப்ளோர் (தள்ளிவிடும் தரை) உள்ள லெவல்கள் மட்டும் தோற்றால் தற்செயல் எண்ணைப் பாருங்கள்.

தேக்கா_பைட்:

அதில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. டைல் வேர்ல்டின் கணக்கு: முந்தைய மதிப்பை 1103515245-ஆல் பெருக்கி, 12345 கூட்டி, கீழ் 31 பிட்டை மட்டும் வைத்துக்கொள்வது. சாதாரணப் பெருக்கல் குறியால் இதைச் செய்தால் விடை 53 பிட்டைத் தாண்டிவிடும். அதற்குமேல் ஜாவாஸ்கிரிப்ட் எண் கீழ் இலக்கங்களைத் தொலைத்துவிடும், நமக்கு வேண்டியதோ அந்தக் கீழ் இலக்கங்கள்தான். மேத் தொகுப்பில் உள்ள இமுல் என்ற பெருக்கலைப் பயன்படுத்துங்கள், பிறகு 2147483647-உடன் அண்ட் செய்யுங்கள்.

இன்னொன்று: வெடிப்பு, நீர்த்துளி போன்ற திரை அலங்காரம் எதுவும் இதே தற்செயல் எண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு துளிக்காக ஒருமுறை கூடுதலாக எடுத்தாலும் அதற்குப்பின் எல்லாப் பிளாப்பும் வேறு திசை திரும்பும். அலங்காரத்துக்கு வேறொன்று வையுங்கள்.

கிளமெண்டி_கட்டம்:

வெடிப்புப் பொறிகளுக்கு அதே தற்செயல் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். பிரித்தாயிற்று, இமுலும் போட்டாயிற்று, டிக்கும் 50-க்கு வந்துவிட்டது.

இப்போது 60-க்கு 59, இரண்டு திரையிலும் ஒரே எண். லெவல் 31 மட்டும் கடைசி இருபது அடியில் தோற்கிறது. பூதமே இல்லாத லெவல், பனியும் தள்ளி நகர்த்தும் பிளாக்கும்தான்.

ஈசூன்_பிட்:

பூதம் இல்லையென்றால் வழுக்கல் வரிசையாக இருக்கும். சிப்பும் பிளாக்கும் ஒரே டிக்கில் வழுக்கும்போது யார் முதலில் நகர்வது என்று பாருங்கள். டைல் வேர்ல்டையும் உங்கள் எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிக்குக்கு ஒரு வரி வீதம் சிப் இடம், பிளாக் இடம், தற்செயல் மதிப்பு என்று எழுத வையுங்கள். இரண்டு பட்டியலும் முதன்முதலாக மாறும் வரி எதுவோ அங்கே நில்லுங்கள், சிப் சாகும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. அந்த டிக்கின் எண்ணையும் அதற்கு முந்தைய நான்கு வரிகளையும் இங்கே போடுங்கள்.

கிளமெண்டி_கட்டம்:

டிக் 1,412-இல் பிரிகிறது. எங்களுடையதில் பிளாக் முதலில் நகர்கிறது, டைல் வேர்ல்டில் சிப். வழுக்கல் பட்டியலை நாங்கள் கட்ட வரிசைப்படி அடுக்கியிருந்தோம், பனியில் ஏறிய வரிசைப்படி அல்ல. மாற்றிவிட்டோம். 60-க்கு 60.

இனி எஞ்சினில் எந்த வரியைத் தொட்டாலும் 60 தீர்வும் தானாக ஓடும்படி வைத்துவிட்டோம், ஒன்று தோற்றாலும் வெளியீடு நின்றுவிடும். மூலக் கோப்பைப் படிக்க மட்டுமே அனுமதி. மிக்க நன்றி அண்ணன்மார்களே.