'பழைய 97' ரயில் விபத்துப் பாட்டை முதலில் பதிவு செய்தவர் யார்?

ஊசிமுனை:
"ரயில் பாட்டுகளை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தவர் பாடகர் வெர்னன் டால்ஹார்ட்" என்று இங்கே 'தண்டவாளம்' என்ற பெயரில் எழுதுபவர் சொல்லியிருப்பதைப் படித்துப் பொறுக்க முடியாமல்தான் இதைத் தொடங்குகிறேன். 1903 செப்டம்பர் 27 அன்று வர்ஜீனியாவின் டான்வில் அருகே மரப்பாலத்திலிருந்து 97ஆம் எண் தபால் ரயில் கவிழ்ந்து 11 பேர் மாண்ட கதையை, பஞ்சாலைத் தொழிலாளியான ஹென்றி விட்டர் 1923 டிசம்பரிலேயே 'ஓகே' (OKeh) என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிக் கொடுத்துவிட்டார். அதற்கும் முன்னால், அந்த ஆண்டு மார்ச்சிலேயே நியூயார்க் சென்று சோதனைப் பதிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். டால்ஹார்ட் பாடியது 1924இல்.

தண்டவாளம்:
மார்ச் மாதக் கதையை விட்டரைத் தவிர வேறு யார் சொன்னார்கள்? 1923 ஜூனில் அட்லாண்டாவில் ஓகே நிறுவனத்தின் ரால்ஃப் பியரின் மேற்பார்வையில் ஜான் கார்சன் ஃபிடில் வாசித்துப் பாடிய தட்டு விற்றுத் தீர்ந்த பிறகே அந்த நிறுவனம் அமெரிக்கத் தென்பகுதியின் மலைநாட்டுப் பாடகர்களை நாடியது. விக்டர் நிறுவனம் வெளியிட்ட டால்ஹார்ட்டின் தட்டோ பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஊசிமுனை:
விற்பனைக் கணக்கை யாரும் கேட்கவில்லை. நான் மார்ச்சைப் பற்றிப் பேசுகிறேன். கிடப்பில் போட்ட சோதனைப் பதிவுகளைக் கார்சன் வெற்றி பெற்ற பின்னரே நிறுவனம் மீண்டும் கேட்டது என்பது விட்டரின் கூற்று. அதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது? டால்ஹார்ட் இந்தப் பாட்டைக் கற்றதே விட்டரின் தட்டைக் கேட்டுத்தான். ஆலைத் தொழிலாளியின் சொல் மட்டும் உங்களுக்கு ஏன் கசக்கிறது?

செவ்வந்தி:
இருவரும் மெட்டை மறந்துவிட்டீர்கள். அது 1865இல் ஹென்றி கிளே வொர்க் எழுதிய கப்பல் பாட்டின் மெட்டு. பாட்டை எழுதியவர் தாமே என்று டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ் என்பவர் விக்டர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1933இல் கீழ் நீதிமன்றத்தில் வென்று மேல்முறையீட்டில் தோற்றார். உரிமையாளர் யார் என்பதையே நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் இழுத்தடித்த பாட்டுக்கு முதல் பாடகரை நீங்கள் ஒரே இரவில் தீர்மானிக்கப் போகிறீர்களா?

ஊசிமுனை:
அம்மா, வழக்கு எழுதியவரைப் பற்றியது; நான் பேசுவது பாடியவரைப் பற்றி. கார்சன் பற்றிய முந்தைய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் திசை திருப்பினீர்கள்.

செவ்வந்தி:
அந்த விவாதத்தில் என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் போனதை நானும் மறக்கவில்லை.

தண்டவாளம்:
விட்டரின் குரல் மூக்கால் வருவது. கிட்டாரும் ஹார்மோனிகாவும் அவரைக் காப்பாற்றின. மேடையில் ஓபரா பாடிப் பழகிய டால்ஹார்ட் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகப் பாடியதால்தான் மலைநாட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது.

ஊசிமுனை:
அந்த மூக்குக் குரல்தான் ஆலை வாசலிலும் ரயிலடியிலும் பாடப்பட்ட குரல். டெக்சாஸின் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்துத் தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டவர் மலைநாட்டுக்காரரின் பாட்டைப் பாடலாம். அதற்காக அவரை முன்னோடி என்று எழுதினால் நான் மறுத்துக்கொண்டே இருப்பேன். மார்ச் மாதத்தைத் தள்ளுவதென்றால் விட்டர் பொய் சொன்னார் என்று நேரடியாக எழுதுங்கள்.

தண்டவாளம்:
சான்று இல்லை என்றுதான் எழுதினேன், இனியும் அப்படியே எழுதுவேன். மார்ச்சில் பதிந்த தட்டு வெளிவந்ததா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
பதிந்ததைத்தான் கேட்டேன், வெளிவந்ததை அல்ல. 1923 மார்ச்.