5 ஜிபி கொடுத்தும் ஜாவா நினைவகம் போதவில்லை என்கிறது

சொல்தேடி எழுதியது:

வணக்கம். பழைய இதழ்களிலிருந்து திரட்டிய 3 ஜிபி தமிழ் உரைக்கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஜாவாவில் நிரல் எழுதியிருக்கிறேன். கோப்பை ஃபைல்ஸ்.ரீட்ஆல்லைன்ஸ் மூலம் படிக்கிறேன், முடிவை ஃபைல்ரைட்டர் கொண்டு எழுதுகிறேன். விண்டோஸ், ஜேடிகே (ஜாவா நிரலாக்கத் தொகுப்பு) 11, கணினியில் 8 ஜிபி நினைவகம். பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தில் இப்படி இயக்குகிறேன்:

ஜாவா -ஜார் சொல்எண்ணி.ஜார் தொகுப்பு.டிஎக்ஸ்டி -எக்ஸ்எம்எக்ஸ்5ஜி -டிஃபைல்.என்கோடிங்=யுடிஎஃப்-8

"அவுட்ஆஃப்மெமரிஎரர்: ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று நின்றுவிடுகிறது. சிறிய மாதிரிக் கோப்பைக் கொடுத்தால் ஓடி முடிகிறது, ஆனால் முடிவுக் கோப்பில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு சிக்கலா?

சர்வர்அறை எழுதியது:

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உங்கள் இரண்டு ஆப்ஷன்களும், அதாவது ஹீப்பின் (நிரலின் தரவு தங்கும் நினைவகப் பகுதி) உச்ச அளவைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸும், குறியாக்கத்தை (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை) சொல்லும் ஃபைல்.என்கோடிங்கும், ஜாவா நிரலை இயக்கும் இயந்திரமான ஜேவிஎம்மைப் போய்ச் சேரவே இல்லை.

ஜாவா கட்டளை வரியில் இரண்டு பேருக்குச் செய்தி போகிறது. ஜார் கோப்பின் பெயருக்கு முன்னால் இருப்பது இயந்திரத்துக்கு. பின்னால் இருப்பதெல்லாம், அது எப்படிப்பட்ட எழுத்தாக இருந்தாலும், உங்கள் மெயின் செயற்கூற்றின் ஆர்க்ஸ் வரிசைக்கு. உங்கள் நிரல் அந்த வரிசையில் முதல் உறுப்பை மட்டும் கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளும், மற்ற இரண்டையும் ஏறிட்டும் பார்க்காது. அதனால்தான் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. துவக்கியை, அதாவது ஜாவா கட்டளையை, குறை சொல்லவும் முடியாது: அதே எழுத்துகளை உங்கள் நிரலே உண்மையில் எதிர்பார்த்திருக்கலாம் அல்லவா?

ஆப்ஷன் போய்ச் சேர்ந்ததா என்று அறிய நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, அதை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. 5ஜி என்பதை 5கேஜி என்று மாற்றுங்கள். ஜேவிஎம் அதைப் பார்த்தால் ஹீப் அளவு செல்லாது என்று சொல்லி, துவங்கவே மறுத்துவிடும். பேசாமல் ஓடினால் அது பார்க்கவில்லை என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டுமானால் இன்னொரு சாளரத்தில், ஓடும் ஜாவா நிரல்களைப் பட்டியலிடும் ஜேபிஎஸ் கருவியை ஜேபிஎஸ் -வி என்று கொடுங்கள். இயந்திரத்துக்குப் போனவை தெரியும். ஜேபிஎஸ் -எம் கொடுத்தால் நிரலுக்குப் போனவை தெரியும்.

அளவு எதுவும் சொல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட் (வழக்கமாகப் பயன்படும் ஜேவிஎம்) பொதுவாகக் கணினி நினைவகத்தில் கால் பங்கை ஹீப்பின் உச்சமாக வைத்துக்கொள்ளும். உங்களுக்கு அது 2 ஜிபி. யுடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஜாவாவின் ஸ்ட்ரிங்குக்குள் அது 2 பைட். ஆக, 3 ஜிபி கோப்பின் எழுத்துகளுக்கே 2 ஜிபிக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு வரிக்குமான பொருளின் சுமை தனி. ஜேடிகே 9 முதல் ஆங்கில வரிகளை எழுத்துக்கு 1 பைட்டில் அடக்குகிறார்கள், ஆனால் ஒரு வரியில் ஒரே ஒரு தமிழ்க் குறியீடு இருந்தாலும் அந்த வரி முழுவதும் 2 பைட்டுக்கு மாறிவிடும். தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே ஹீப் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்விக்குறிக்கு வருகிறேன். ரீட்ஆல்லைன்ஸ் எப்போதும் யுடிஎஃப்-8 ஆகத்தான் படிக்கும். ஃபைல்ரைட்டர் அப்படியில்லை, ஜேடிகே 17 வரை அது இயங்குதளத்தின் குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை, எனவே கேள்விக்குறி. ஜேடிகே 18இல்தான் எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8 இயல்பானது.

இரண்டு ஆப்ஷன்களையும் -ஜார் என்பதற்கு முன்னால் கொண்டுபோங்கள். எக்ஸ்எம்எக்ஸில் முதல் எக்ஸ் பெரிய எழுத்து, மற்ற இரண்டும் சிறியவை.

இரவுப்பணி எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் இரண்டையும் போட்டுவிடுங்கள். வரிசைச் சிக்கலே வராது.

சர்வர்அறை எழுதியது:

தயவுசெய்து அதை நிரந்தரமாக வைக்காதீர்கள். அந்த மாறியைப் படிப்பது ஜேவிஎம்மே. அதனால் அந்தக் கணினியில் துவங்கும் எக்லிப்ஸ், மேவன், ஜாவாசி போன்ற ஜாவா கருவிகள், ஏன் மேலே சொன்ன ஜேபிஎஸ் வரை அனைத்துக்கும் அது பொருந்தும். ஒவ்வொன்றும் துவங்கும்போது மாறியை எடுத்துக்கொண்டதாக ஒரு வரியை அச்சிடும், அந்த வெளியீட்டை நம்பியிருக்கும் ஸ்கிரிப்டுகள் குழம்பும். மாறிதான் வேண்டுமென்றால் ஜேடிகே 9இல் வந்த ஜேடிகே_ஜாவா_ஆப்ஷன்ஸ் பரவாயில்லை. அதை ஜாவா துவக்கி மட்டும் படிக்கிறது.

சொல்தேடி எழுதியது:

முன்னால் கொண்டுபோய்விட்டேன் ஐயா. இப்போது நிரல் துவங்கவே மாட்டேன் என்கிறது. ".என்கோடிங்=யுடிஎஃப்-8" என்ற மெயின் கிளாஸ் கிடைக்கவில்லையாம். அப்படி ஒரு கிளாஸ் என்னிடம் இல்லவே இல்லை.

சர்வர்அறை எழுதியது:

இது பவர்ஷெல்லின் வேலை. சிறுகோட்டில் தொடங்கும் சொல்லின் நடுவே புள்ளி வந்தால் விண்டோஸ் பவர்ஷெல் அந்தப் புள்ளியில் அதை இரண்டாக உடைத்துவிடுகிறது. ஜாவாவுக்கு "-டிஃபைல்" தனியாகவும் ".என்கோடிங்=யுடிஎஃப்-8" தனியாகவும் போய்ச் சேர்கின்றன. இரண்டாவதில் சிறுகோடு இல்லாததால் அதை இயக்க வேண்டிய கிளாஸின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. மேற்கோள் குறிக்குள் வையுங்கள்:

ஜாவா -எக்ஸ்எம்எக்ஸ்5ஜி "-டிஃபைல்.என்கோடிங்=யுடிஎஃப்-8" -ஜார் சொல்எண்ணி.ஜார் தொகுப்பு.டிஎக்ஸ்டி

விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரமான சிஎம்டியில் மேற்கோள் இல்லாமலே போகும்.

ஆனால் குறியாக்கத்தை நிரலுக்குள்ளேயே சொல்லிவிடுவதுதான் எனக்குப் பிடித்தது. ஜேடிகே 11இலேயே ஃபைல்ரைட்டருக்கு இரண்டாவது அளபுருவாகக் குறியாக்கத்தைக் கொடுக்கலாம். பிறகு யார், எந்தக் கணினியில், எப்படி இயக்கினாலும் தமிழ் தமிழாகவே வரும். ரீட்ஆல்லைன்ஸை விட்டு ஃபைல்ஸ்.லைன்ஸுக்கு மாறினால் வரிகள் ஒவ்வொன்றாக வந்து போகும். சொற்களும் எண்ணிக்கைகளும் மட்டுமே நினைவகத்தில் தங்கும். அப்போது 5 ஜிபி தேவைப்படாது என்றே நினைக்கிறேன். முதலில் 1 ஜிபி கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.